புது டிஸ்ப்ளேவும் மினுக்குகிறது: பழுது திரையில் இல்லை என்பதற்கு எங்கள் வீட்டு மூன்று போன்களே சாட்சி

போன்களுக்கு மென்பொருள் எழுதி அனுப்பும் பிரிவின் தலைமைக்கும், அதே நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும்,

உங்கள் சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த தாள் என் முன்னால் இருக்கிறது. டிஸ்ப்ளே பழுது, மாற்ற வேண்டும், வாரண்டி காலம் முடிந்துவிட்டது, செலவு வாடிக்கையாளருடையது. மொத்தமே இவ்வளவுதான். இதில் முதல் இரண்டு வார்த்தைகளை நான் ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பிய அப்டேட்டுக்குப் பிறகுதான் எங்கள் போன்களின் திரை மினுக்க ஆரம்பித்தது. மூன்று முறை தனியாகப் புகார் அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது, எழுத்துக்கு எழுத்து அதே பதில். அதனால் இனி எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் உங்கள் ஒரே மாடல் போன் மூன்று இருக்கின்றன. முதலில் நான் வாங்கினேன். பிடித்துப்போனதால் நான்கு மாதம் கழித்து அம்மாவுக்கு ஒன்று, அதற்கும் பிறகு தங்கைக்கு ஒன்று. வாங்கிய காலம் வேறு, பயன்படுத்தும் விதமும் வேறு. அம்மா போனைக் கீழே போட்டதே இல்லை. நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஓர் இரவு சார்ஜில் கிடந்தபோது என் போனும் அம்மாவின் போனும் தாமாகவே அப்டேட் ஆகிவிட்டன. அடுத்த இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தை விரலால் தள்ளும்போது ஒரு வெளிச்சம், விரலை எடுத்ததும் இன்னொரு வெளிச்சம். திரை துடித்துக்கொண்டே இருந்தது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறம் வரும் இடங்களில் இன்னும் மோசம். வாங்கி 14 மாதத்தில் ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லை.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இரவில் தூக்கம் வராதபோது எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு போனில் கதை படிப்பார். எழுத்து துடிக்க ஆரம்பித்ததும் அவர் போனைச் சந்தேகப்படவில்லை, தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். படிப்பதையும் நிறுத்திவிட்டார். பத்தாவது நாள் தற்செயலாக என் போனைப் பற்றி நான் புலம்பியபோதுதான், "உனக்குமா அப்படித் தெரியுது?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் மனம் கேட்காமல் கண் மருத்துவரிடம் போய் வந்தோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை. உங்கள் புகார்ப் பட்டியலில் 'திரை மினுக்கல்' என்று ஒற்றை வரியாக நிற்கும் விஷயம், இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஒன்பது இரவுப் பயமாக இருந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஆதாரத்துக்கு வருகிறேன்.

கஸ்டமர் கேரில் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன், சொல்லாததையும் செய்தேன். போனை அணைத்துப் போட்டேன். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் மோசமான சார்ஜராலும் திரை தடுமாறும். திரைமேல் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை எடுத்தேன். தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தினேன். நான் நிறுவிய ஆப் எதுவும் இயங்காதபடி சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன். எதிலும் மாற்றம் இல்லை. பொறியாளர்களுக்கான மறைவான அமைப்புகளான டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, திரைப் படங்களை அடுக்கிச் சேர்க்கும் வேலையைத் தனிச் சிப்பிடம் கொடுக்கும் ஹார்டுவேர் ஓவர்லேயை முடக்கினேன். அதிலும் இல்லை.

பிறகுதான் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை திரையில் படம் மாறுகிறது என்ற அளவை, தொட்டேன். 'தானாக மாறும்' என்று இருந்ததை 60 ஹெர்ட்ஸில் நிறுத்தினேன். மினுக்கல் அந்த நொடியே நின்றது. விடாமல் 120-இல் பூட்டிவைத்துப் பார்த்தேன். அதிலும் மினுக்கல் இல்லை. மறுபடி 'தானாக' என்று வைத்ததும் துடிப்பு திரும்பியது. அம்மாவின் போனிலும் இதையே செய்தேன், விளைவும் இதேதான். வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் கூட்டினால் கண்ணுக்குத் தெரியவில்லை, குறைத்தால் தெரிகிறது.

இதன் பொருள் என்ன என்பது என்னைவிட உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓஎல்இடி திரையில் பின்னால் தனி விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. நொடிக்கு 60 முறை படம் மாறும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடி. 120 முறை மாறும்போது அதில் பாதி, சுமார் 8.3. இந்த நேர வித்தியாசத்தால், ஒரே சாம்பல் நிறம் இரண்டு வேகத்திலும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு வேகத்துக்கும் தனியாக அளந்து திருத்திய அளவுகள் தேவை. நல்ல வெளிச்சத்தில் சிறிய பிசகு கண்ணுக்குப் படாது. குறைந்த வெளிச்சத்தில், அதுவும் இருட்டான நிறங்களில், அதே பிசகு பளிச்சென்று தெரியும். விரல் அசையும்போது 120, நின்றதும் 60 அல்லது அதற்கும் கீழே என்று போன் மாறி மாறிப் போனால், அந்தப் பிசகைத்தான் நாம் மினுக்கல் என்று பார்க்கிறோம். எந்த நேரத்தில் எந்த வேகத்துக்குத் தாவுவது என்று முடிவு செய்வது மென்பொருள். நீங்கள் அந்த இரவு அனுப்பியதும் மென்பொருள். அதில் எதை மாற்றினீர்கள் என்று நான் ஊகிக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

சர்வீஸ் சென்டரில் இதையெல்லாம் சொன்னேன். அங்கிருந்த இளைஞர் பொறுமையாகத்தான் கேட்டார், அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த சோதனைமுறைமேல்தான் குறை. ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துப் பார்த்தார். பதிவில் மினுக்கல் இல்லை. "பதிவில் இல்லையென்றால் டிஸ்ப்ளேதான் போயிருக்கிறது" என்றார். இது பாதி உண்மை. ரெக்கார்டிங் என்பது திரைக்குப் போகும் முன் போன் தயாரித்து வைத்திருக்கும் படத்தைப் பிடிப்பது. அந்தப் படம் சுத்தமாக இருந்தால் ஆப்களையும் வரைபட வேலையையும் சந்தேகத்திலிருந்து விடுவிக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, திரையை எந்த வேகத்தில் எந்த அளவில் ஒளிரச் செய்வது என்று சொல்லும் டிரைவர் மென்பொருள் இருக்கிறது. அங்கே ஏற்படும் தவறு எந்த ஸ்கிரீன் ரெக்கார்டிங்கிலும் விழாது. உங்கள் வழிகாட்டுதலில் அந்த நடு அடுக்கே இல்லை. ஒன்று ஆப், இல்லாவிட்டால் கண்ணாடி. கண்ணாடி என்றால் பணம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா மினுக்கலும் அப்டேட்டால் வருவதில்லை. போனைப் போட்டதும் எழும் நிறுவனச் சின்னத்திலேயே மினுக்கினால், ஒரே மூலையில் மட்டும் மினுக்கினால், பச்சைக் கோடோ வெள்ளைக் கோடோ நிலையாக நின்றால், லேசாக அழுத்தும்போது மாறினால், அது பெரும்பாலும் திரையிலோ அதன் கேபிளிலோ உள்ள பழுதுதான். அப்படிப்பட்டவர்களுக்கு டிஸ்ப்ளே மாற்றுங்கள், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. எங்கள் போன்களில் இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லை. வழக்கமான மென்பொருள் முழுதாக எழும் முன் வரும் ரெக்கவரி மெனுவில் வெளிச்சம் குறைவாக இருந்தும் திரை அசையாமல் நின்றது.

இப்போது அம்மாவின் போனுக்கு வருகிறேன். அது வாங்கி 10 மாதம்தான், வாரண்டி இருந்தது. நீங்களே டிஸ்ப்ளேயைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, நானும் அம்மாவும் தங்கையுமாகப் பார்த்தோம். புத்தம்புதிய டிஸ்ப்ளே, அதே மாதிரி மினுக்கியது. 60-இல் நிறுத்தினால் நின்றது, 'தானாக' என்றால் வந்தது.

திரையை மாற்றியும் நோய் போகவில்லையென்றால் நோய் திரையில் இல்லை. அம்மாவின் போனில் பொய்யாகிப்போன அதே தீர்ப்பை, நான்கு நாள் கழித்து என் போனுக்கு எழுதிக் கொடுத்து, என்னிடம் பணம் கேட்கிறீர்கள். இரண்டு வேலைத் தாளும் ஒரே கணினியில் அச்சானவை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லையா?

மூன்றாவது போன் தங்கையுடையது. அவள் அன்று வெளியூரில் இருந்ததால் அப்டேட் வரவில்லை. அதனால் முதல் சில நாள்கள் எங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல போன் ஒன்று இருந்தது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரே பக்கத்தை, ஒரே வெளிச்சத்தில் திறந்துவைத்துப் பார்த்தோம். இரண்டு துடித்தன, அவளுடையது அசையவில்லை. இதை வீடியோவாக எடுத்து முதல் புகாரோடு உங்களுக்கு அனுப்பினேன். அதற்குச் சரியாக 11 நாள் கழித்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் போனுக்கும் அதே அப்டேட் வந்தது. மறுநாள் இரவு அதுவும் துடித்தது.

இந்த 11 நாளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்டேட்டை நீங்கள் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்புவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்துவிடுகிறீர்கள். அந்த ஏற்பாடே, முதலில் பெற்றவர்களிடமிருந்து புகார் வந்தால் நிறுத்திக்கொள்வதற்குத்தான். புகார் வந்தது, வீடியோவோடு வந்தது, எந்த அமைப்பில் வருகிறது, எதில் நிற்கிறது என்ற விவரத்தோடு வந்தது. அதற்குப் பிறகும் அனுப்பினீர்கள் என்றால், புகாரைப் படிக்கும் இடத்துக்கும் அப்டேட்டை அனுப்பும் இடத்துக்கும் நடுவே வழியே இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஃபேக்டரி ரீசெட் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் கஸ்டமர் கேர் மூன்று முறையும் முதலில் சொன்னது அதைத்தான். ரீசெட் செய்தால் என் படங்களும் ஆப்களும் கணக்குகளும் அழியும். ஆனால் அப்டேட்டில் வந்த மென்பொருள் அழியாது, அது தனிப் பகுதியில் அப்படியே இருக்கும். பழைய பதிப்பு திரும்பி வராது. ஏதாவது செட்டிங்ஸ் குழம்பியிருந்தால் ரீசெட் உதவும், உண்மைதான். ஆனால் ஒரே மாடலில் இரண்டு போன் ஒரே நாளில் ஒரே மாதிரி குழம்புமா? இதைத் தெரிந்துகொள்ளாமல், நம்பி, இரண்டாவது வாரத்தில் ரீசெட் செய்துவிட்டேன். படங்களுக்கு பேக்கப் இருந்தது. கணக்குகளுக்குள் நுழைய ரகசிய எண் தரும் ஆப்புக்கு பேக்கப் இல்லை. இரண்டு நாள் என் அலுவலக மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியவில்லை. இரண்டு நாளும் திரை மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. பழைய பதிப்பு திரும்பாது என்று உங்கள் ஆள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் அதைச் செய்திருக்கவே மாட்டேன்.

பழைய பதிப்புக்குத் திரும்ப வழி கேட்டபோது, பாதுகாப்புக் காரணங்களுக்காக முடியாது என்று சொன்னீர்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஓட்டை உள்ள பழைய மென்பொருளை ஒருவர் திருட்டுத்தனமாக ஏற்றிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. அப்டேட்டுக்குப் பிறகு போன் எழவே முடியாமல் போனால் முந்தைய பதிப்புக்குத் தானாகத் திரும்பும் ஏற்பாட்டை 2016-இல் ஆண்ட்ராய்டு 7 கொண்டுவந்தது, அதுவும் தெரியும். ஆனால் போன் எழுந்துவிடுகிறது, பேசவும் முடிகிறது, பார்க்க மட்டும்தான் முடியவில்லை என்றால் எந்த ஏற்பாடும் இல்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்து, வாரண்டியையும் ஆபத்தில் வைத்து இறங்குவதுதான் வழியா? என் அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா?

நான் கேட்பது புதிதல்ல. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டிச் சந்தை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. அப்டேட்டை வற்புறுத்தி நிறுவவைத்து, அதனால் போனின் வேகம் குறைந்தபோது, முன்பிருந்த நிலைக்குத் திரும்ப உருப்படியான வழியும் தரவில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. அதேபோல், தவறை ஒப்புக்கொண்டால் மானம் போய்விடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் வந்த ஐஓஎஸ் 13.6.1 அப்டேட்டின் குறிப்பில், வெப்பக் கட்டுப்பாட்டில் இருந்த கோளாறால் சில திரைகளில் பச்சை சாயல் தெரிந்ததாகவும், அது சரிசெய்யப்பட்டதாகவும் ஆப்பிள் எழுதியது. திரையில் தெரிந்த குறை, மென்பொருளால் தீர்ந்தது. திரையை மாற்றச் சொல்லிப் பணம் கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு வரி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று.

உங்கள் அப்டேட் குறிப்பில் இருந்தது 'நிலைத்தன்மை மேம்பாடுகள்' என்ற ஒரே தொடர்.

போன் விற்பவர்கள் சிலர் இப்போது 7 வருடம் அப்டேட் தருவோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடத்துக்கு அப்டேட் கிடைக்க வேண்டும் என்பது விதி. நல்லது, எனக்கும் நீண்ட நாள் உழைக்கும் போன்தான் வேண்டும். ஆனால் வாரண்டி ஒரு வருடம், அப்டேட் ஏழு வருடம் என்றால், மீதி ஆறு வருடம் உங்கள் கை என் போனுக்குள் இருக்கும், பொறுப்பு மட்டும் இருக்காது. போன் பழசாவது என் கணக்கு. அப்டேட்டால் கெடுவது எப்படி என் கணக்காகும்?

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவர்களுக்கு நொடிக்கு 3 முதல் 30 முறை வரை ஒளி பளிச்சிடுவது ஆபத்தானது என்பதால்தான், நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக்கூடாது என்று இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எங்கள் போன்கள் அந்த அளவுக்கு மின்னின என்று நான் சொல்லவில்லை, என்னிடம் அளக்கும் கருவி இல்லை. உங்களிடம் இருக்கிறது. எனக்கு அந்த வாரம் முழுக்கத் தலைவலி இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி என் கோரிக்கைகள்.

இந்த அப்டேட்டுக்குப் பிறகு இந்த மாடலில் குறைந்த வெளிச்சத்தில் திரை மினுக்குகிறது என்பதை, பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள். திருத்தம் வரும்வரை ரெஃப்ரெஷ் ரேட்டை 60-இல் நிறுத்திக்கொள்ளலாம் என்ற தகவலை எல்லா வாடிக்கையாளருக்கும் போனிலேயே அறிவிப்பாக அனுப்புங்கள். இந்த ஒரு தகவல் கிடைத்திருந்தால் அம்மா ஒன்பது இரவு பயந்திருக்க மாட்டார். இன்னும் அப்டேட் போய்ச்சேராத போன்களுக்கு அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்.

பழைய பதிப்பு முழுவதையும் நான் கேட்கவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் அப்படியே இருக்கட்டும், திரையை இயக்கும் பகுதியை மட்டும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் சிறிய அப்டேட் ஒன்றை 30 நாளுக்குள் தாருங்கள். எந்தத் தரவும் அழியக்கூடாது.

இந்த அப்டேட்டுக்குப் பிறகு மினுக்கலுக்காக டிஸ்ப்ளே மாற்றப் பணம் கட்டியவர்களின் பட்டியல் உங்கள் சர்வீஸ் சென்டர்களில் இருக்கிறது. வாரண்டி இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் கேட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். பலருக்குத் தாங்கள் கேட்கலாம் என்பதே தெரியாது.

அப்புறம், உங்கள் சோதனைமுறையைத் திருத்துங்கள். மினுக்கல் என்று ஒருவர் வந்தால், ரீசெட் என்று சொல்லும் முன், டிஸ்ப்ளே மாற்று என்று எழுதும் முன், ரெஃப்ரெஷ் ரேட்டை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ரீசெட் செய்தால் எது அழியும், எது திரும்பாது என்பதை வாய்விட்டுச் சொல்லும்படி உங்கள் ஆள்களுக்குக் கட்டளையிடுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தையும் மற்ற மாற்றங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி நள்ளிரவில் நிறுவாமல், இரண்டாவதை ஏற்பதா வேண்டாமா என்று என்னிடம் கேளுங்கள்.

என் போனை டிஸ்ப்ளே மாற்றாமல் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். மூன்று போன்களும் இப்போது 60-இல்தான் ஓடுகின்றன. மூன்றையும், அம்மா போனில் நீங்கள் புதிதாகப் போட்ட டிஸ்ப்ளேயோடு சேர்த்து, உங்கள் பொறியாளர் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் ஒரு வாரம் கொடுத்துவைக்கத் தயாராக இருக்கிறேன். இருட்டறையில் பாருங்கள். கையில் வேலைத் தாள்கள் இரண்டும், வீடியோவும், மூன்று புகார்களின் எண்ணும் இருக்கின்றன. உங்கள் பதிலைப் பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் எழுத்தில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று போன்களில் முதல் போனின் உரிமையாளர்